நிற்கத் தெரிந்த பவர் சப்ளை வேண்டும்

கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் எதையெல்லாம் கேட்கிறோம்? பிராசசர் என்ன, ராம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, மானிட்டர் எத்தனை இன்ச் என்று கேட்கிறோம். கேபினட்டின் மூலையில் உட்கார்ந்திருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்கிற தகரப் பெட்டியைப் பற்றி மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "எத்தனை வாட்ஸ்?" என்பார்கள். அதோடு சரி. "எங்கள் வீட்டில் வோல்டேஜ் குறைந்தால் இந்தப் பெட்டி என்ன செய்யும்?" என்று கடைக்காரரிடம் கேட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. 2006 வரை நானும் கேட்டதில்லை.

அந்த வருடம் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா வீடு தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்தில். டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து போகும் லைனின் கடைசிக் கம்பத்தில் இருந்து கரண்ட் எடுத்திருந்தார்கள். வழியெல்லாம் மோட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே டியூப் லைட் பற்றாது. குண்டு பல்பு மஞ்சளாக அழுது வடியும். அக்கா மகன் அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம். ஒரு நாள் போன் செய்தான்.

"மாமா, ராத்திரி ஆனா சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகுது. வைரஸ்னு சொல்லி ரெண்டு தடவை ஃபார்மேட் பண்ணிட்டாங்க. மறுபடியும் அதேதான்."

"பகல்ல ஆகுதாடா?"

"பகல்ல ஒண்ணும் இல்ல மாமா."

பகலில் தூங்கி ராத்திரி மட்டும் எழுந்திருக்கும் வைரஸை நான் கேள்விப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ராத்திரி ஏழு மணிக்கு பிளக் பாயின்ட்டில் 156 வோல்ட். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். மீட்டர் 138-க்கு இறங்கியது. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. வைரஸ் பிடிபட்டுவிட்டது. அடுத்த வாரம் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வருகிறேன், அதுவரை ராத்திரியில் போடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க நாள் நெருங்கியதால் அவனால் போடாமல் இருக்க முடியவில்லை. புதன்கிழமை ராத்திரி வோல்டேஜ் இன்னும் இறங்கி, கம்ப்யூட்டர் கிளம்பவே மறுத்திருக்கிறது. யாரோ ஒரு நண்பன், "பின்னாடி சிவப்பு ஸ்விட்ச் இருக்குல்ல, அதை 115-க்குத் தள்ளு" என்று யோசனை சொல்லியிருக்கிறான். தள்ளியதும் கம்ப்யூட்டர் அருமையாக ஓடியிருக்கிறது. பத்து மணிக்கு ஊரில் மோட்டார்கள் நின்றன. வோல்டேஜ் பழையபடி ஏறியது. கேபினட்டுக்குள் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம், வீடு முழுக்கப் புகை.

பவர் சப்ளை போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தபோதுதான் மனசு கனத்தது. வாரக்கணக்கில் எழுதும்போதே அறுந்து அறுந்து, டிஸ்க் முழுக்க பேட் செக்டார். ரிப்போர்ட்டை அவன் ராப்பகலாக உட்கார்ந்து மறுபடி டைப் செய்துவிட்டான். ஆனால் அத்தான் இறப்பதற்கு முந்தைய பொங்கலன்று எடுத்த படங்கள் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. டி டிரைவில் இருந்ததால் இரண்டு ஃபார்மேட்டிலும் தப்பித்தவை அவை. அவற்றில் பாதிக்குமேல் திறக்கவே இல்லை. திறந்தவற்றிலும் சிலவற்றில் மேல்பாதியில் அத்தான் முகம் தெரிந்தது, கீழ்ப்பாதி சாம்பல் கலர். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "இது போதும்டா" என்று அந்தப் பாதிப் படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்துக்கொண்டார்.

பேக்கப் எடுத்து வைக்காதது எங்கள் தப்பு. சிவப்பு ஸ்விட்சைத் தள்ளியது அவன் தப்பு. ஆனால் இதில் மூன்றாவதாக ஒரு தப்பும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பவர் சப்ளைக்கு எப்போது நிற்க வேண்டும் என்று தெரியவில்லை. அதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடும்

குண்டு பல்புக்கு வோல்டேஜ் குறைந்தால் அது இழுக்கும் கரண்ட்டும் குறையும்; மங்கலாக எரியும். யாருக்கும் கெடுதல் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். அப்படியல்ல. உள்ளே வருவது எதுவாக இருந்தாலும் வெளியே 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சரியாகக் கொடுப்பதுதான் அதன் வேலை. எனவே வோல்டேஜ் குறையக் குறைய அது கரண்ட்டைக் கூட்டி இழுக்கும்.

மதர்போர்டு, டிஸ்க் எல்லாம் சேர்ந்து 200 வாட்ஸ் எடுக்கின்றன, பவர் சப்ளையின் திறன் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லைனில் இருந்து 250 வாட்ஸ் வேண்டும். பவர் ஃபேக்டரை எளிமைக்காக விட்டுவிடலாம். 230 வோல்ட்டில் கரண்ட் சுமார் 1.1 ஆம்பியர். 150 வோல்ட்டில் சுமார் 1.7 ஆம்பியர். 120 வோல்ட்டில் சுமார் 2.1 ஆம்பியர். ரெஸிஸ்டன்ஸ் உள்ள எந்தப் பாகத்திலும் சூடு கரண்ட்டின் வர்க்கமாக ஏறும். அதாவது 150 வோல்ட்டில் இரண்டு மடங்குக்கும் அதிகம், 120 வோல்ட்டில் மூன்றரை மடங்கு. சுவிட்சிங் டிரான்ஸிஸ்டர், காயில், பிரிட்ஜ் ரெக்டிஃபையர் எல்லாம் இந்தச் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாளில் கருகாது. ஆறு மாதத்தில் "திடீரென்று" போய்விடும். கடைக்காரர் "ஹை வோல்டேஜ் வந்திருக்கும் சார்" என்பார். நாமும் ஸ்பைக் கார்டு ஒன்று வாங்கி மாட்டுவோம். நோய் ஒன்று, மருந்து வேறு!

கையிருப்பு கரையும் கணக்கு

அடுத்தது ரீஸ்டார்ட் விவகாரம். பவர் சப்ளைக்குள் வரும் ஏ.சி. முதலில் டி.சி.யாக மாறி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரம்பும். 230 வோல்ட் ஏ.சி. என்றால் அங்கே சுமார் 325 வோல்ட் டி.சி. இருக்கும். லைனில் ஒரு நொடியின் சிறு துளி நேரம் கரண்ட் விட்டுப்போனாலும் இந்தக் கையிருப்பில்தான் கம்ப்யூட்டர் ஓடுகிறது. இதை ஹோல்டு-அப் நேரம் என்பார்கள். இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பு வழிகாட்டிகளில் இதற்கு 16, 17 மில்லி செகண்ட் என்று அளவு சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் கெப்பாசிட்டரில் உள்ள சக்தியும் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இரண்டு தொடராக இருக்கின்றன. 200 வோல்ட் டி.சி.க்குக் கீழே சர்க்யூட்டால் ஓட முடியாது. இழுப்பு 250 வாட்ஸ் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டில் கையிருப்பு சுமார் 31 மில்லி செகண்ட் தாங்கும். 180 வோல்ட்டில் 12-க்கும் குறைவு. அக்கா வீட்டில் நான் பார்த்த 156 வோல்ட்டில் சுமார் 4 மில்லி செகண்ட்தான். நம் 50 ஹெர்ட்ஸ் லைனில் ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் நடுவே 10 மில்லி செகண்ட் இருக்கிறது. அதையே அதனால் தாண்ட முடியாது! என் மருமகனின் கம்ப்யூட்டர் குறைந்த வாட்ஸ் எடுத்ததால் ஏதோ தொத்திக்கொண்டு ஓடியது. பக்கத்து வீட்டு மோட்டார் போட்டதும் விழுந்தது.

விழும்போதாவது ஒழுங்காக விழவேண்டும். ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளையில் "பவர் குட்" என்று ஒரு ஒயர் உண்டு. வோல்டேஜ்கள் சரியாக இருக்கும்வரை அது 5 வோல்ட்டில் நிற்கும். 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தடுமாறுவதற்குக் குறைந்தது 1 மில்லி செகண்ட் முன்பே அது கீழே இறங்கி, "நான் போகப் போகிறேன்" என்று மதர்போர்டுக்குச் சொல்லிவிட வேண்டும். நான் பிரித்துப் பார்த்த சில மலிவு பவர் சப்ளைகளில் இந்த ஒயரைப் பேருக்கு 5 வோல்ட்டோடு கட்டிவிட்டிருந்தார்கள். அது எப்போதும் "குட்" என்றே சொல்லும், வீடு பற்றி எரிந்தாலும்! ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது முன்னறிவிப்பு இல்லாமல் கால் வாரப்படுவது இப்படித்தான்.

நிறுத்தும் சர்க்யூட் எப்படி இருக்க வேண்டும்?

"கன்ட்ரோலர் ஐ.சி.க்குள்ளேயே அண்டர் வோல்டேஜ் லாக்அவுட் இருக்கிறதே?" என்று எலக்ட்ரானிக்ஸ் படித்த வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. பலரும் ஏமாறும் இடமும் அதுதான். உதாரணமாக யூ.சி. 3842 என்ற பழைய, பிரபலமான ஐ.சி. 16 வோல்ட்டில் கிளம்பி 10 வோல்ட்டில் நிற்கும். ஆனால் அது பார்ப்பது தனக்கு வரும் சப்ளையைத்தான். லைன் வோல்டேஜை அல்ல. கிளம்பிய பிறகு அதற்குச் சாப்பாடு போடுவது டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு தனிச் சுற்று. வெளியே அவுட்புட் சரியாக இருக்கும்வரை அதுவும் சரியாகவே இருக்கும். லைன் 230-ல் இருந்து 140-க்கு இறங்கினாலும் ஐ.சி.க்குத் தெரியாது. அவுட்புட் விழுந்த பிறகுதான் அதுவும் பட்டினியாகி நிற்கும். பிறகு மறுபடி கிளம்பும், மறுபடி விழும். லோ வோல்டேஜில் சில பவர் சப்ளைகள் "டிக், டிக்" என்று சத்தம் போடுவதைக் கேட்டிருப்பீர்களே, அது இதுதான்.

எனவே லைனைத் தனியாகப் பார்க்க ஒரு கண் வேண்டும். சர்க்யூட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. பெரிய கெப்பாசிட்டரின் வோல்டேஜை ரெஸிஸ்டர்களால் பிரித்து, ஒரு கம்பேரேட்டரில் 2.5 வோல்ட்டோடு ஒப்பிட வேண்டும். மேலே 820 கிலோ ஓம் மூன்று தொடராக, கீழே 30 கிலோ ஓம் ஒன்று போட்டால் சுமார் 207 வோல்ட் டி.சி.யில், அதாவது சுமார் 147 வோல்ட் ஏ.சி.யில் கம்பேரேட்டர் விழித்துக்கொள்ளும். மேலே ஒரே ரெஸிஸ்டரில் 325 வோல்ட்டையும் ஏற்றாமல் மூன்றாகப் பிரிப்பது அது நீண்ட நாள் உழைக்க. ஒரு சின்னக் கெப்பாசிட்டர் போட்டால் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளைப் பார்த்து பயந்து நிற்காது.

சாமர்த்தியம் இருப்பது நிற்பதில் இல்லை, மறுபடி கிளம்புவதில். 147-ல் நின்று 148-ல் கிளம்பினால் என்ன ஆகும்? நின்றதும் இழுப்பு போய்விடுவதால் லைன் வோல்டேஜ் நாலைந்து வோல்ட் ஏறும். உடனே கிளம்பும். கிளம்பியதும் வோல்டேஜ் இறங்கும். உடனே நிற்கும். ராத்திரி முழுக்கக் கண்ணாமூச்சி ஆட்டம்தான். ஆகவே 147-ல் நின்றால் 170 வந்தபிறகே கிளம்ப வேண்டும். இந்த இடைவெளிக்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். கூடவே சில விநாடிகள் தாமதமும் வேண்டும். பவர் சப்ளையின் வாசலில் கிளம்பும் கரண்ட்டை மட்டுப்படுத்த ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். குளிர்ந்திருந்தால்தான் அது தடுக்கும். சூடாக இருந்தால் வழி விட்டுவிடும். நின்றவுடனே கிளம்பும் ஒவ்வொரு முறையும் பிரிட்ஜும் ஃப்யூஸும் அடி வாங்குகின்றன. ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் காத்திருப்பதை நாம் குறை சொல்வதில்லையே? அங்கே காரணம் கம்ப்ரஸர், இங்கே தெர்மிஸ்டர். பொறுமை ஒன்றுதான்.

கடைசியாக வரிசை. முதலில் பவர் குட் இறங்க வேண்டும், பிறகு அவுட்புட் நிற்க வேண்டும். முதலில் சொல்லிவிட்டு, பிறகு போவது. மனிதர்களிடம் எதிர்பார்ப்பதைத்தானே கேட்கிறோம்?

(யாரும் இதைப் படித்துவிட்டு பவர் சப்ளையைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 325 வோல்ட் நின்றுகொண்டிருக்கலாம். இது தயாரிப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை.)

"ஓடுகிற வரை ஓடட்டும் சார்!"

இதைப் பற்றிப் பேசினால் கடைக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "சார், நின்னா கஸ்டமர் திருப்பிக் கொண்டு வந்துடுவாரு. 130-லயும் ஓடுதுன்னு சொன்னாத்தான் ஹெவி சப்ளைன்னு வாங்குவாங்க." இதில் உண்மை இருக்கிறது. நிற்கிற பெட்டி மட்டம், எப்படியாவது ஓடுகிற பெட்டி உசத்தி என்று நாம்தான் பழக்கிவிட்டிருக்கிறோம்.

அதற்காக 180 வோல்ட்டிலேயே நிற்கும் பெட்டியை நான் கேட்கவில்லை. ஏ.டி.எக்ஸ். வழிகாட்டியில் 230 வோல்ட் பிரிவுக்குச் சொல்லியிருக்கும் வரம்பு 180 முதல் 265 வரை. நம் கிராமங்களில் 180-ல் நின்றால் சாயங்காலம் முழுக்கக் கம்ப்யூட்டரை மூடி வைக்க வேண்டியதுதான். நம் லைனுக்கு 150 வரை ஓடும் பெட்டி தேவை. அப்படியென்றால் டிரான்ஸிஸ்டர், காயில், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் 230-க்குக் கணக்குப் போடாமல் 150-க்குக் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். அதற்குச் செலவாகும். அந்தச் செலவைச் செய்ய மனமில்லை என்றால் 180-லேயே நிறுத்துங்கள். அதையும் மரியாதையாக லேபிளில் போடுங்கள். பாகங்களை 200-க்குப் போட்டுவிட்டு, 130 வரை ஓடவிட்டு, அதைப் பெருமையாக விற்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே வழிகாட்டி, குறைந்தபட்ச அளவுக்குக் கீழே வோல்டேஜ் வந்தாலும் பவர் சப்ளை கெட்டுப்போகாதபடி பாதுகாப்பு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இது ஆடம்பரமான கோரிக்கை இல்லை, அடிப்படை விதி.

இன்றைக்கும் இது தேவையா?

"சிவப்பு ஸ்விட்ச் எல்லாம் பழைய கதை. இப்போது 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே எடுத்துக்கொள்கிறதே?" என்பீர்கள். சரிதான். ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள இன்றைய பவர் சப்ளைகள் லைன் வோல்டேஜை முதலில் 380, 400 வோல்ட் டி.சி.யாக உயர்த்திக்கொள்வதால், கையிருப்பு லைனோடு சேர்ந்து கரைவதில்லை. பெரிய முன்னேற்றம். ஆனால் உயர்த்துகிற அந்த முதல் பகுதி குறைந்த வோல்டேஜில் கூடுதல் கரண்ட்டை இழுத்தே ஆகவேண்டும். சூட்டுக் கணக்கு மாறவில்லை. தவிர, பி.எஃப்.சி. இல்லாத மலிவுப் பெட்டிகள் இன்னமும் விற்பனையில் இருக்கின்றன. லேபிளில் 200 முதல் 240 என்று போட்டிருந்தால் அது உங்கள் கிராமத்துக்கான பெட்டி இல்லை.

இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? முன்பெல்லாம் குண்டு பல்பு மங்கினால் வோல்டேஜ் இறங்கிவிட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைய எல்.இ.டி. பல்புகளில் பலவற்றுக்குள் ஒரு குட்டி எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறது. 150 வோல்ட்டிலும் அவை பளிச்சென்று எரியும். நமக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்த பல்பே போய்விட்டது. டி.வி., சார்ஜர், ரௌட்டர், பல்பு என்று வீட்டில் பலதும் இப்போது வோல்டேஜ் குறைந்தால் கரண்ட்டைக் கூட்டி இழுக்கும் ஜாதி. ஆளாளுக்கு இழுக்க, லைன் இன்னும் இறங்கும்.

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். தயாரிப்பாளர்களே, எத்தனை வோல்ட்டில் நிற்கும், எத்தனை வோல்ட்டில் மறுபடி கிளம்பும் என்ற இரண்டு எண்களை லேபிளில் போடுங்கள். பவர் சப்ளை விமர்சனம் எழுதும் நண்பர்களே, 230 வோல்ட்டில் திறனை அளப்பதோடு நிறுத்தாமல் 150 வோல்ட்டில் முழு லோடு போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து எழுதுங்கள்.

வாசகர்களே, ஒரு சாதாரண மல்டிமீட்டரில் உங்கள் வீட்டு வோல்டேஜை, பழக்கமுள்ள எலக்ட்ரீஷியனை வைத்தாவது, சாயங்காலம் ஏழு மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் அளந்து எழுதி வையுங்கள். அது 180-க்குக் கீழே போனால் பேட்டரிக்கு மாறாமலேயே வோல்டேஜை உயர்த்தும் லைன் இன்டராக்டிவ் யு.பி.எஸ். வாங்குங்கள். சாதாரண ஆஃப்லைன் யு.பி.எஸ். லோ வோல்டேஜில் தினமும் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். பழைய கம்ப்யூட்டரில் இன்னமும் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். 115-ல் வைத்து 230 வந்தால் உள்ளே 650 வோல்ட். தலா 200 வோல்ட் தாங்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள் அதைத் தாங்காது.

கடையில் எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது மறக்காமல் கேளுங்கள்: "எத்தனை வோல்ட்டில் நிற்கும்?" கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது. பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். அவர் கம்பெனியைக் கேட்பார். இந்தக் கேள்வியை நான் 2006-க்கு முன்பே கேட்டிருந்தால், அக்கா வீட்டுச் சுவரில் அத்தான் படம் பாதியாகத் தொங்கிக்கொண்டிருக்காது.